வின்ச்சை எங்கே பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வின்ச் என்பது ஒரு டிரம்மில் (உருளையில்) கயிற்றைச் சுற்றிப் பாரத்தை இழுக்கும் கருவி; அதை வண்டியோடு இணைக்கும் இரும்புத் தட்டுதான் பிளேட். புதிதாக வின்ச் வாங்கியவர்களில் சிலர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலானவர்கள் துளை போட்டு, முடுக்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, பிளேட் வளைந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒரே பத்துப் பதினைந்து சந்தேகம்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதிலை இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

நாலு போல்ட் போட்டு முடுக்குகிற வேலைதானே, இதில் இடம் பார்க்க என்ன இருக்கிறது?

நாலு போல்ட்தான். ஆனால் அந்த நாலு போல்ட்டின் வழியாகத்தான் முழு இழுவையும் வண்டிக்குள் போகிறது. வின்ச் என்பது நடுவில் நிற்கிற ஒரு தரகர் மாதிரி: ஒரு முனையில் கயிறு இழுக்கிறது, மறுமுனையில் வண்டியின் இரும்பு தாங்குகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது கயிறு எந்தத் திசையில், எந்த உயரத்தில், எதிலும் உரசாமல் போகும் என்பதை. அடுத்தது, அந்த நேர்க்கோட்டின் பின்னால் உறுதியான இரும்பு இருக்கிறதா என்பது. மூன்றாவதாகத்தான் மின்சாரம். ‘எங்கே காலி இடம் இருக்கிறது’ என்பது கடைசிக் கேள்வி. பலரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். வின்ச்சைத் தொடாமல், ஒரு நூலை எடுத்து, இழுக்கப்போகும் பொருளின் கொக்கி இருக்கும் இடத்திலிருந்து நீங்கள் நினைத்திருக்கும் இடம் வரை இறுக்கிக் கட்டுங்கள். அந்த நூல் எதைத் தொடுகிறது, எந்தக் கோணத்தில் வந்து சேர்கிறது என்று கண்ணால் பார்த்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

லாரிக்கு முன்னாடி வைப்பதா, பின்னாடி வைப்பதா?

எதற்காக வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. சேற்றில் மாட்டிக்கொண்டால் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளவும், மாட்டிய மற்ற வண்டியை இழுக்கவும் என்றால் முன்பக்கம் வசதி. பெரும்பாலான வண்டிகளில் பேட்டரி பக்கத்தில் இருக்கும், டிரைவருக்குக் கயிறு கண்ணெதிரே தெரியும், ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இழுக்கலாம். மரத்துண்டு, இயந்திரம், பழுதான கார் என்று ஏதாவது ஒன்றைத் தளத்தின் மேல் ஏற்றுவதுதான் வேலை என்றால் கேபினுக்குப் பின்னால், தளத்தின் தலைப்பக்கம்.

முன்பக்கம் வைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டி முன்னோக்கிப் போய்த்தான் மாட்டுகிறது, அப்படியென்றால் நல்ல தரை பின்னால்தான் இருக்கிறது. வின்ச்சோ உங்களை இன்னும் ஆழமான பக்கத்துக்குத்தான் இழுக்கும். இதற்காகத்தான் சில ராணுவ லாரிகளில் வின்ச்சை சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) நடுவில் வைத்து, ரோலர்கள் வழியாகக் கயிற்றை முன்னும் பின்னும் கொண்டுபோகிறார்கள். நாம் செய்யக்கூடிய எளிய வழி, முன்பக்கம் வின்ச், பின்பக்கம் சேசிஸோடு சேர்ந்த உறுதியான இழுவைக் கொக்கி. பின்னாலிருந்து வேறொரு வண்டி இழுக்கலாம்.

டிரெய்லரில் எங்கே வைப்பது? முன்னால் நடுவில்தானா?

ஆமாம், தளத்தின் முன் விளிம்பில், நடுக்கோட்டில். டிராபாரின் (டிரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்க முன்னால் நீளும் சட்டத்தின்) மேல் வைப்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான், தளத்தில் இடம் மிச்சமாகும். எப்படியானாலும், ஏற்றிய வண்டியின் மூக்குக்கும் வின்ச்சுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். ஏற்றப்போகும் வண்டிகளில் நீளமானதை, எடை சரியாக விழும் இடத்தில் நிறுத்தி, அதன் பம்பருக்கு முன்னால் ஒரு ஆள் குனிந்து கொக்கியைக் கழற்ற இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத் துளை போடுங்கள். இதை அளக்காமல் வைத்தால், வின்ச் இடிக்குமே என்று காரைப் பின்னால் தள்ளி நிறுத்துவீர்கள். எடை ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) பின்னால் போய்விடும், ஓடும்போது டிரெய்லர் வாலாட்டும்.

எவ்வளவு பலம் தாங்குகிற மாதிரி இடம் வேண்டும்? என் கார் இரண்டு டன்தானே?

இரண்டு டன் காரை இழுக்க இரண்டு டன் பலம் தேவைப்படாது. 60 செ.மீ. உயரத் தளத்துக்கு 2.4 மீட்டர் ரேம்ப் போட்டால் சரிவு நாலில் ஒன்று. அதில் 2,000 கிலோ காரை ஏற்ற 500 கிலோ, சக்கரம் உருள இன்னும் ஒரு 40 கிலோ. அவ்வளவுதான். ஆனால் அதே காரின் சக்கரங்கள் உருளாமல் இறுகிப்போயிருந்தால் உராய்வு சேர்ந்து 1,850 கிலோ பக்கம் போய்விடும். பழுதான வண்டி எப்போதும் சொன்னபடி கேட்காது.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிளேட்டும் போல்ட்டும் தாங்க வேண்டியது காரின் எடையை அல்ல, வின்ச் இழுக்கக்கூடிய அதிகபட்சத்தை. 4,300 கிலோ பலத்தில் இழுக்கும் வின்ச் ஒன்றைக் காரில் மாட்டி இழுக்கும்போது காரின் சக்கரம் ரேம்ப்பின் விளிம்பில் இடித்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டனை விடும்வரை வின்ச் தன் முழு பலத்தையும் போடும். அப்போது விட்டுக்கொடுப்பது கயிறா, கொக்கியா, உங்கள் பிளேட்டா என்பதுதான் கேள்வி. அதனால் தேவைக்கு மேல் பெரிய வின்ச்சை மெல்லிய டிரெய்லரில் வைப்பது பாதுகாப்பு அல்ல, ஆபத்து. தன்னையே மீட்கும் வண்டிக்கு மட்டும் கணக்கு வேறு: வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு என்பது வழக்கமான கணக்கு.

எவ்வளவு உயரத்தில் வைப்பது? கொஞ்சம் உயரமாக ஸ்டாண்ட் அடித்து வைத்தால் வசதியாக இருக்குமே?

முடிந்தவரை தாழ்வாக. ஸ்டாண்டின் உயரம் ஒரு நெம்புகோல். 1,500 கிலோ இழுக்கும் வின்ச்சை 45 செ.மீ. ஸ்டாண்டில் வைத்து, அடியில் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 15 செ.மீ. இடைவெளி விட்டால், முன்பக்க போல்ட்டுகளை மேலே பிடுங்கும் பலம் 1,500 கிலோ அல்ல, மூன்று மடங்கு, 4,500 கிலோ. (முன்பக்கம் என்று நான் சொல்வது வின்ச்சின் முதுகுப் பக்கத்தை, ஸ்டாண்ட் பின்னோக்கிக் கவிழப் பார்க்கும்போது அந்தப் போல்ட்டுகள்தான் பிடித்துக்கொள்ளும்.) ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால் அடிப்பாகத்தை அகலமாக்குங்கள், டிராபாரை நோக்கி ஒரு சாய்வான முட்டுச் சட்டம் கொடுங்கள்.

ஆனால் தாழ்வாக வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கார் இன்னும் தரையில் நிற்கும்போது அதன் கொக்கி தளத்தை விடத் தாழ்வாக இருக்கும், கயிறு தளத்தின் பின் விளிம்பில் மடங்கி உரசும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தளம் 4 மீட்டர் நீளம், கொக்கி தள மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே, விளிம்பிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி. கயிறு விளிம்பைத் தொடாமல் நேராகப் போக வேண்டுமென்றால் வின்ச் 50 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது மேலே வேண்டாம் என்று சொன்ன அதே ஸ்டாண்ட்! என் தீர்ப்பு: வின்ச்சைத் தாழ்வாகவே வைத்துவிட்டு, பின் விளிம்பில் நடுவில் ஒரு ரோலரைப் பொருத்துங்கள். ரோலர் மலிவு, கழன்று வந்த ஸ்டாண்ட் மலிவு அல்ல.

இன்னொரு எல்லை கடைசி அரை மீட்டரில் வரும். கயிறு தளத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில் கிளம்புகிறது, காரின் கொக்கி 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், கார் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும்போது கோணம் 7 டிகிரி கூட இல்லை. அரை மீட்டருக்கு வந்ததும் அது 35 டிகிரி. காரின் மூக்கைக் கீழே அமுக்கும், பம்பரின் அடிவிளிம்பைக் கயிறு அறுக்கும். அதனால் காரின் கொக்கி எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தைக் கொஞ்சம் நெருங்கி வின்ச்சின் கயிறு வரும்படி, பத்து இருபது செ.மீ. பிளேட்டைத் தூக்கினால் தப்பில்லை.

நடுவில் டூல் பாக்ஸ் இருக்கிறது, கொஞ்சம் ஓரமாக வைக்கலாமா?

டூல் பாக்ஸை நகர்த்துங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. வின்ச் 30 செ.மீ. ஓரமாக இருந்தால், கார் 4 மீட்டர் தள்ளி இருக்கும்போது கயிற்றின் சாய்வு 4 டிகிரிதான், பெரிதாகத் தெரியாது. ஒரு மீட்டருக்கு வரும்போது 17 டிகிரி ஆகிவிடும். கார் ஏறி முடிக்கும் நேரத்தில், ரேம்ப்பின் மேல் முனையில், மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பும்.

நகர்த்தவே முடியாது என்றால், வின்ச்சை ஓரத்திலேயே வைத்து, நடுக்கோட்டில் ஒரு கப்பியைக் கட்டி, அதன் வழியாகக் கயிற்றைத் திருப்பலாம். நல்ல வழிதான், ஆனால் கப்பி கட்டிய வளையத்துக்கு வரும் பலம் வின்ச்சுக்கு வருவதை விட அதிகம். கயிறு 90 டிகிரி திரும்பினால் 1.4 மடங்கு, முழுக்க மடங்கித் திரும்பி வந்தால் இரண்டு மடங்கு. வின்ச்சுக்கு 10 மி.மீ. பிளேட் போட்டுவிட்டு, கப்பிக்கு ஒரு சின்ன வளையத்தை நாலு பொட்டு வெல்டிங் வைத்து விட்டிருப்பார்கள், அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நடுவில்தான் வைத்தேன், அப்படியும் கயிறு டிரம்மில் ஒரே பக்கமாகக் குவிகிறதே?

கயிறு டிரம்முக்குள் நுழையும் கோணம்தான் இதைத் தீர்மானிக்கிறது. டிரம்மிலிருந்து முதல் கப்பி அல்லது ரோலர் வரை உள்ள தூரம் அதிகமாக இருந்தால் கயிறு தானாக வரிசையாக உட்காரும். வழவழப்பான டிரம்முக்கு 1.5 டிகிரி, வரிப்பள்ளம் உள்ளதற்கு 2 டிகிரி என்பது கிரேன், ஹாயிஸ்ட் வேலைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. 230 மி.மீ. அகல டிரம்மில் 1.5 டிகிரி வர வேண்டுமென்றால் முதல் கப்பி 4.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முன் பம்பரில் வைக்கும் வின்ச்சில் அது நடக்கிற கதை இல்லை, ரோலர் டிரம்முக்கு ஒட்டியே இருக்கிறது. அதனால் அங்கே பொருள் நேர் எதிரே இருந்தால்தான் கயிறு ஒழுங்காகச் சுற்றும்.

லாரியின் தளத்தில் கப்பி போடுகிறவர்களுக்கு மட்டும் இந்தத் தூரம் கையில் இருக்கிறது. டிரம்முக்கு ஒரு முழம் தள்ளிக் கப்பியை வைக்காதீர்கள், முடிந்த அளவு தள்ளி வையுங்கள். இடம் இல்லாதவர்கள் கயிற்றைக் கையாலேயே வழிநடத்த நினைப்பார்கள். கயிறு ஓடும்போது அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது. நிறுத்தி, தளர்த்தி, வரிசைப்படுத்தி, மறுபடி இழுக்க வேண்டியதுதான்.

டிரெய்லருக்கு 30 மீட்டர் கயிறு எதற்கு? வெட்டிவிடலாமா?

தாராளமாக வெட்டலாம், சொல்லப்போனால் வெட்டுவது நல்லது. வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் பலம் டிரம்மின் முதல் அடுக்கில் கிடைப்பது. ஒவ்வொரு அடுக்கு மேலே போகும்போதும் டிரம் தடிமனாகி, பலம் சுமார் பத்து முதல் இருபது சதவீதம் குறைந்துகொண்டே போகும். டிரெய்லரில் நீங்கள் பயன்படுத்துவது ஏழெட்டு மீட்டர். மிச்சக் கயிறு எப்போதும் அடியில் சுற்றிக் கிடக்கும், நீங்கள் எப்போதும் பலம் குறைந்த மேல் அடுக்கிலேயே இழுத்துக்கொண்டிருப்பீர்கள். தேவையான நீளமும், டிரம்மில் எப்போதும் மிச்சமிருக்க வேண்டிய சுற்றுகளும் போதும். ஸ்டீல் கயிறு என்றால் குறைந்தது 5 சுற்று, செயற்கை இழைக் கயிறு என்றால் 8 முதல் 10, ஏனென்றால் அது வழுக்கும். டிரம்மில் கயிற்றைப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன ஸ்குரூ இழுவையைத் தாங்குவதற்கானது அல்ல, சுற்றுகளின் பிடிதான் தாங்குகிறது.

ஸ்டீல் கயிறா, நைலான் கயிறா? அதற்கும் இடத்துக்கும் சம்பந்தம் உண்டா?

முதலில், அது நைலான் இல்லை. நைலான் ரப்பர் மாதிரி நீளும். வின்ச்சுக்கு வருவது நீளாத ஒரு வகை பாலியெத்திலீன் இழை. பேச்சு வழக்கில் நைலான் என்றே நின்றுவிட்டது, போகட்டும்.

சம்பந்தம் உண்டு. ஸ்டீல் கயிற்றுக்கு நாலு உருளை உள்ள ரோலர் சட்டம் வேண்டும், இழைக் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய வாய் வேண்டும். ஸ்டீல் கயிறு ஓடி வரிவரியாகக் கீறிய ரோலரில் அப்படியே இழைக் கயிற்றை மாட்டினால் அது பிய்ந்துபோகும். இழைக் கயிறு சூட்டையும் மணலையும் தாங்காது, அதனால் சைலன்சர் பக்கம், பின் சக்கரம் மண்ணை வாரி இறைக்கும் இடம் எல்லாம் அதற்கு ஆகாது. தளத்தின் மேலே ரேம்ப் விளிம்பில் எப்போதும் உரசுகிற வேலைக்கு நான் ஸ்டீலைத்தான் சொல்வேன். முன் பம்பருக்கு இழை. எடை குறையும், அறுந்தாலும் ஸ்டீல் அளவுக்குச் சாட்டை மாதிரி வீசாது.

கயிறு டிரம்முக்கு மேலிருந்து வரலாமா, கீழிருந்துதான் வர வேண்டுமா?

சாதாரண மின் வின்ச்சில் கீழிருந்து, அதாவது பிளேட்டுக்கு ஒட்டிய பக்கத்திலிருந்து. காரணம் மேலே ஸ்டாண்டுக்குச் சொன்ன அதே நெம்புகோல் கதைதான்: கயிறு பிளேட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு குறைவாகப் போல்ட்டுகளை நெம்பும். இரண்டாவது காரணம் பிரேக். பல வின்ச்சுகளில் பிரேக் ஒரு திசையில்தான் பிடிக்கும். கயிற்றைத் தப்பாகச் சுற்றிவிட்டால் இழுக்கும், ஆனால் சரிவில் பிடித்து நிறுத்தாது.

தளத்தின் பலகை நல்ல கெட்டி, அதிலேயே போல்ட் போடலாமா?

வேண்டாம். பலகை கார் சக்கரத்தின் எடையைத் தாங்கும், போல்ட் இழுப்பதைத் தாங்காது. முதல் நாலைந்து தடவை ஒன்றும் ஆகாது, பிறகு துளை நீள்வட்டமாகும், ஒரு மழைக்காலம் போனதும் போல்ட் ஆட ஆரம்பிக்கும். பலகைக்கு அடியில் இருக்கும் கிராஸ் மெம்பரோடு (குறுக்குச் சட்டத்தோடு), இரண்டு கிராஸ் மெம்பர்களை இணைக்கும் சேனலோ தடிமனான பிளேட்டோ போட்டு, அதில் முடுக்குங்கள். அலுமினிய டிரெய்லர் என்றால் ஸ்டீல் பிளேட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக் ஷீட்டோ வையுங்கள், நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

பிளேட் தட்டையாக இருப்பதும் முக்கியம். வின்ச் இரண்டு பக்கக் கால்களில் நிற்கிறது, நடுவில் டிரம் சுழல்கிறது. பிளேட் இரண்டு மி.மீ. முறுக்கிக்கொண்டிருந்தாலும் போல்ட்டை முடுக்கும்போது இரண்டு காலும் வேறு வேறு திசையில் சாயும், டிரம் இறுகும். முடுக்கிய பிறகு கிளட்சை (டிரம்மை மோட்டாரிலிருந்து பிரித்துவிடும் அமைப்பை) விட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்பு சுலபமாகச் சுற்றியது இப்போது கனமாக இருந்தால் பிளேட்டில்தான் தப்பு. நடுத்தர வின்ச்சுகளில் துளைகள் பெரும்பாலும் 254 மி.மீ. × 114.3 மி.மீ. இடைவெளியில் இருக்கும், அதற்கான ரெடிமேட் பிளேட் வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். போல்ட் 8.8 தரம். கையேட்டில் சொன்ன நீளத்தை விட நீளமான போல்ட் போட்டால் உள்ளே முட்டி நின்றுவிடும், முடுங்கியது போலத் தெரியும், பிளேட்டைப் பிடித்திருக்காது.

லாரி சேசிஸில் துளை போடலாமா, வெல்டிங் வைக்கலாமா?

சேசிஸ் ரெயிலின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவே கூடாது, வளைவைத் தாங்குவது அந்த இரண்டும்தான். செங்குத்தான நடுப்பகுதியில் போடலாம், அதுவும் தயாரிப்பாளர் தந்திருக்கும் அளவுகளுக்குள். ஏற்கெனவே இருக்கும் துளைகளைப் பயன்படுத்த முடிந்தால் அதுவே நல்லது. வெப்பப் பதம் ஏற்றிய சேசிஸில் வெல்டிங் வைத்தால் அந்த இடம் பதம் இழந்து, பிறகு அங்கேயே விரிசல் விடும். வின்ச் பிளேட்டை வெல்டிங் வைத்து ஒரு சட்டமாகச் செய்து, அந்தச் சட்டத்தைப் போல்ட்டில் சேசிஸோடு இணையுங்கள். வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், எலக்ட்ரானிக் பெட்டிகள் எல்லாம் அதோடு பிணைந்திருக்கின்றன.

முன் பம்பரில் வைத்தால் ஏர்பேக், ரேடியேட்டர் எல்லாம் பாதிக்குமா?

வாய்ப்பு உண்டு. மோதும்போது முன்பகுதி நசுங்கும் விதத்தை வைத்துத்தான் ஏர்பேக் சென்சார் கணக்குப் போடுகிறது. தடிமனான வின்ச் பம்பர் அதை மாற்றும், அதனால் உங்கள் மாடலுக்கென்றே சோதித்துச் செய்த பம்பரைத் தேடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் வின்ச் நின்றால் காற்று குறையும். முழு லோடில் மலையேறும்போது டெம்பரேச்சர் முள்ளைக் கவனித்துப் பாருங்கள். நம்பர் பிளேட், விளக்கு மறையக்கூடாது, இதில் விதிகள் ஊருக்கு ஊர் வேறு.

எடையையும் கணக்கில் வையுங்கள். 40 கிலோ வின்ச், 50 கிலோ பம்பர், இரண்டும் முன் ஆக்சிலுக்கு 80 செ.மீ. முன்னால் தொங்குகின்றன, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 2.8 மீட்டர். முன் ஆக்சிலில் கூடுவது 90 கிலோ அல்ல, 116 கிலோ. பின் ஆக்சிலிலிருந்து 26 கிலோ குறையும். முன் ஸ்பிரிங் தாழ்ந்து, ஹெட்லைட் தரையைப் பார்த்து, ‘வின்ச் போட்டதிலிருந்து ஸ்டியரிங் கனமாக இருக்கிறது’ என்று சொல்வதெல்லாம் இதனால்தான்.

டிரெய்லர் மாட்டும் சதுரக் குழாயில் செருகி எடுக்கிற மாதிரி வைத்தால் முன்னும் பின்னும் பயன்படுமே?

பயன்படும், நேர் எதிரே இழுக்கும்வரை. அந்தக் குழாய் டிரெய்லரை இழுப்பதற்காகச் செய்தது, ஒரே ஒரு குறுக்கு ஆணிதான் அதைப் பிடித்திருக்கிறது. அதில் குறித்திருக்கும் எல்லையைப் படியுங்கள். வின்ச் அதைவிடப் பெரியதாக இருந்தால் குழாய்தான் முதலில் போகும். பக்கவாட்டில் இழுத்தால் நீண்டு நிற்கும் அந்தத் தண்டு நெம்புகோலாகிக் குழாயை முறுக்கும். இன்னொன்று, 40 கிலோவைச் சேற்றில் நின்றபடி தூக்கிச் செருக வேண்டும். முதல் தடவை உற்சாகமாக இருக்கும்.

பின்னால் வைத்தேன், முன்னால் பேட்டரி. இழுக்கும்போது மோட்டார் சோர்ந்துவிடுகிறது, வின்ச் கெட்டுவிட்டதா?

வின்ச் நன்றாகத்தான் இருக்கும், வயர்தான் மெல்லியது. 4,300 கிலோ வின்ச் முழு லோடில் 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் கேட்கும். பேட்டரியிலிருந்து பின்பக்கத்துக்கு 6 மீட்டர், திரும்பி வர 6 மீட்டர், மொத்தம் 12. 35 சதுர மி.மீ. கேபிள் போட்டால் வழியிலேயே 2.4 வோல்ட் போய்விடும், மோட்டாருக்குச் சேர்வது ஒன்பது சொச்சம்தான். 70 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 1.2 வோல்ட்டாகக் குறையும். நெகட்டிவையும் கேபிளாகவே பேட்டரி வரை கொண்டுபோங்கள், துருப்பிடித்த சேசிஸை நம்பாதீர்கள். 24 வோல்ட் லாரி என்றால் 24 வோல்ட் வின்ச் வாங்குங்கள், அதே வேலைக்கு ஆம்பியர் பாதி. பேட்டரி பக்கத்தில் கையெட்டும் இடத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் அவசியம். ரிலே பெட்டியை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் பெட்டியை) தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள்.

டிரெய்லருக்கு இழுவை வண்டியின் பிளக்கிலிருந்தே கரன்ட் எடுக்க முடியாதா?

விளக்குக்கான வயர் 400 ஆம்பியரைத் தாங்காது, உருகிவிடும். டிரெய்லரிலேயே ஒரு பேட்டரி வைத்து, அந்த வயரை அதைச் சார்ஜ் செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். 200 ஆம்பியரில் 5 நிமிடம் இழுத்தால் செலவாவது 17 ஆம்பியர்-மணிதான், 10 ஆம்பியர் சார்ஜில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடும். வாரத்தில் ஒருநாள் ஏற்றி இறக்குகிறவருக்கு இதுவே போதும்.

வின்ச், பேட்டரி இரண்டும் டிராபாரில் உட்கார்ந்தால் கப்ளிங்கின் (இழுவை வண்டியோடு மாட்டும் முனையின்) மேல் எடை கூடும். கப்ளிங்குக்கும் ஆக்சிலுக்கும் 4 மீட்டர், வின்ச்சும் பேட்டரியும் சேர்ந்து 50 கிலோ, கப்ளிங்குக்கு ஒரு மீட்டர் பின்னால் என்றால் அதில் 37.5 கிலோ கப்ளிங்கில் இறங்குகிறது. அதிகமில்லை, ஆனால் காரை எங்கே நிறுத்துவது என்ற பழைய அடையாளத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள்.

இழுக்கும்போது டிரெய்லரே பின்னால் நகர்கிறது, மூக்கு தூக்குகிறது. இடம் தப்பா?

இடம் சரிதான், நிறுத்திய விதம்தான் தப்பு. கார் தரையில் நிற்கும்வரை கயிறு டிரெய்லரையும் பின்னால் இழுக்கும். காரின் முன் சக்கரம் தளத்தின் பின் விளிம்பில் ஏறும்போது ஆக்சிலுக்குப் பின்னால் எடை விழுந்து கப்ளிங் மேலே எழும். அது எழும்போது இழுவை வண்டியின் பின்பக்கத்தையும் தூக்கும். கைப்பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் பிடிக்கிறது, அந்தச் சக்கரம் லேசானால் மொத்தமும் உருள ஆரம்பிக்கும். டிரெய்லரின் பின் மூலைகளில் முட்டுக்கால் வைத்து, இழுவை வண்டியோடு மாட்டியே வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு இழுங்கள். டிரெய்லரைத் தனியாக நிறுத்தி ஏற்றுவது கூடவே கூடாது.

எல்லாம் பொருத்திவிட்டேன், கிளட்ச் லீவர் திரும்பவில்லையே?

வாருங்கள், நானும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறேன். என் முதல் டிரெய்லரில் அழகாகப் பிளேட் வெட்டி, பெயின்ட் அடித்து, முடுக்கி முடித்த பிறகுதான் பார்த்தேன், கிளட்ச் லீவர் பாதி திரும்பியதும் பக்கச் சட்டத்தில் இடித்து நின்றது. இரண்டு மாதம் ஒரு ஸ்குரூ டிரைவரால் அதைத் தட்டித் தட்டி ஓட்டினேன். பல மாடல்களில் கிளட்ச் பக்கத்து மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி அதை வேறு கோணத்துக்குத் திருப்பி மாட்டலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. துளை போடும் முன் வின்ச்சை அந்த இடத்தில் சும்மா வைத்து, கையுறை போட்ட கையால் லீவரைத் திருப்பிப் பாருங்கள், ரிமோட் பிளக்கைச் செருகிப் பாருங்கள், டிரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) உள்ள ஹைட்ராலிக் வின்ச்சைச் சாய்த்தோ கவிழ்த்தோ வைப்பதாக இருந்தால், ஆயில் மூடியும் காற்றுத் துளையும் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆயில் அங்கிருந்தே வடியும்.

படகு டிரெய்லருக்குக் கை வின்ச், அதற்கும் இதே விதிகளா?

கிட்டத்தட்ட. ஒரே வித்தியாசம் உயரம். இங்கே ஸ்டாண்ட் வேண்டும், ஏனென்றால் படகின் மூக்கு வளையம் உயரத்தில் இருக்கிறது. படகு முழுதாக ஏறியதும் அந்த வளையம் முன் ரோலருக்குக் கீழே வந்து நிற்க வேண்டும், பட்டை வின்ச்சிலிருந்து ஏறக்குறைய மட்டமாக வர வேண்டும். வின்ச் தாழ்வாக இருந்தால் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஏற்றிய பிறகு வின்ச் கயிற்றிலேயே பிடித்து வைத்து ஓட்டலாமா? இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இறுக்கமாகத் தெரிவது நின்ற இடத்தில். ஓடும்போது ஒவ்வொரு குழியும் கியரின் பல்லில் ஓர் அடி. காரை அதன் சொந்தப் பட்டைகளால் நாலு மூலையிலும் கட்டி, அவை தாங்குகின்றன என்று உறுதியான பிறகு வின்ச் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். இதையும் இடத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனென்றால் முன் பட்டைகளுக்கான வளையங்களை வின்ச் மறைத்துக்கொண்டு நின்றால் பட்டையை வின்ச்சின் மேலேயே சுற்றிக் கட்ட ஆரம்பிப்பீர்கள். நூலைக் கட்டிப் பார்த்தீர்களே, அதே நாளில் பட்டைகளையும் போட்டுப் பார்த்துவிட்டுத் துளையைக் குறியுங்கள்.